கிட்னியைக் குறை சொல்லாதீர்கள்... மடைக்காரரைக் கவனியுங்கள்!

முப்பது வருஷத்துக்கு முன் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, ராஜபாளையத்தில் போர்டு மாட்டி உட்கார்ந்த புதிது. நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மனைவியோடு வந்தார். அவர் பேசவில்லை; தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாதான் சொன்னார்:

"இவுகளுக்கு யூரின் சொட்டுச் சொட்டாப் போய்க்கிட்டே இருக்குய்யா. ராத்திரி வேட்டி, பாய் எல்லாம் நனைஞ்சு போகுது. வெளிய தெருவுல போகவே வெக்கப்படுறாக. சூடா இருக்கும்னு இளநீரும் வெந்தயமும் குடுத்துப் பாத்துட்டேன்."

நானும் அதையே நினைத்தேன். நீர்ச்சுருக்கு, உடம்புச் சூடு என்று முடிவு கட்டி, நெருஞ்சிலும் சிறுபீளையும் சேர்த்துக் கஷாயம் எழுதிக் கொடுத்து, "நிறையத் தண்ணி குடிங்க" என்று அனுப்பிவிட்டேன். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாம் நாள் அவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு தேங்காயை வைத்தது போல வயிறு உருண்டு நின்றது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், நானும் கூடவே போனேன். அங்கே குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் வந்தது! ஒரு லிட்டர் உள்ளே தேங்கிக் கிடந்த மனிதருக்குத்தான், இன்னும் நீரைப் பெருக்கும் கஷாயம் கொடுத்திருக்கிறேன் நான்.

அவருக்குக் கிட்னியில் கோளாறு இல்லை. கல் இல்லை. பதினைந்து வருஷத்துச் சர்க்கரை, சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பைக் கெடுத்திருந்தது. பை நிறைந்ததே அவருக்குத் தெரியவில்லை. நிறைந்து வழிந்ததைத்தான் அவர் 'சொட்டுச் சொட்டாகப் போகுது' என்று சொல்லியிருக்கிறார்.

கண்மாய்க் கணக்கு

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயைப் பார்த்தவர்கள்தானே நீங்கள்? கண்மாய்க்கு வரத்துக்கால் உண்டு, கரை உண்டு, மடை உண்டு, மறுகால் உண்டு. மடையைத் திறந்து மூட ஒரு ஆள் உண்டு.

சிறுநீரகங்கள் இரண்டும் இரவு பகலாக நீரைப் பிரித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சராசரியாக ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு குழாய்கள் வழியே சிறுநீர்ப்பைக்கு வருகிறது. குழாய்கள்தான் வரத்துக்கால். பைதான் கண்மாய். பையின் கழுத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கிற சுருக்குத் தசைகள்தான் மடை. மடைக்காரர் யார்? நரம்பு!

கண்மாயில் தண்ணீர் தேங்கி மறுகால் பாய்கிறது. என்ன செய்ய வேண்டும்? மடையைப் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு வரத்துக்காலை இன்னும் அகலமாக வெட்டிவிட்டால் கரை உடையும். நான் செய்தது அதுதான். இன்றைக்கும் கடையில் பொடி வாங்கிக் கஷாயம் போட்டுக் குடிக்கிற பல பேர் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்வதும் அதுதான்.

மடைக்காரர் எப்படி வேலை செய்கிறார்?

சிறுநீர்ப்பை வெறும் தோல் பை அல்ல. அதன் சுவர் முழுக்கத் தசை. அந்தத் தசை தளர்ந்திருந்தால் பை நிறையும், சுருங்கினால் காலியாகும்.

நிறையும் நேரத்தில், விலா எலும்புகள் முடிகிற மட்டத்திலிருந்து இடுப்பின் மேல்பகுதி வரைக்குமான தண்டுவடப் பகுதியிலிருந்து கிளம்பும் பரிவு நரம்புகள் 'தளர்ந்து இரு' என்று பைக்கும், 'மூடி இரு' என்று பையின் கழுத்துக்கும் சொல்கின்றன. வெளிச் சுருக்குத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேறொரு நரம்பு இருக்கிறது. அது திருவெலும்புப் பகுதியிலிருந்து வருவது. இதுதான் நம் இஷ்டத்துக்குக் கட்டுப்பட்டது.

பையில் சுமார் 150, 200 மில்லி சேர்ந்ததும் சுவர் விரிகிற செய்தி திருவெலும்பின் 2, 3, 4-ஆம் நரம்புகள் வழியே தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறி மூளைக்குப் போகிறது. லேசாக ஒரு உணர்வு. 300, 400 மில்லி ஆகும்போது 'இனி தாங்காது' என்கிறது.

மூளைத்தண்டில் பாலம் போன்ற ஒரு பகுதி உண்டு. 'பான்ஸ்' என்பார்கள். அங்கேதான் மடையைத் திறக்கும் சாவி இருக்கிறது. லண்டன் மருத்துவர் பாரிங்டன் 1925-இல் பூனைகளிடம் செய்த ஆராய்ச்சியில் இதைக் கண்டுபிடித்தார். இன்றும் அந்த இடத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் சாவி இருந்தால் போதுமா? 'இப்போது திறக்கலாமா, வேண்டாமா?' என்று முடிவெடுப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை. பஸ்ஸில் இருக்கிறோமா, பந்தியில் இருக்கிறோமா, வீட்டில் இருக்கிறோமா என்று பார்த்து அதுதான் உத்தரவு கொடுக்கிறது.

உத்தரவு வந்ததும் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். பை சுருங்க வேண்டும். மடை திறக்க வேண்டும். பை சுருங்கும்போது மடை மூடியிருந்தால் நீர் மேலே எதிர்த்துக்கொண்டு சிறுநீரகத்தைத் தாக்கும். இந்த இரண்டையும் சேர்த்து நடத்துவதுதான் அந்தப் பாலத்தின் வேலை.

கைக்குழந்தைக்கு முன்மூளையின் உத்தரவு கிடையாது. நிறைந்தால் போய்விடும். மூளையும் நரம்பும் முதிர முதிர, மூன்று நான்கு வயதுக்குள் பகலில் அடக்கும் பழக்கம் வருகிறது. இரவில் வர இன்னும் கொஞ்சம் நாளாகும். ஐந்து வயதில்கூட ஏறக்குறைய ஏழு பிள்ளைகளில் ஒன்று படுக்கையை நனைக்கும். பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே சரியாகும். அடிப்பதும், பாயைத் தெருவில் காயப்போட்டு மானத்தை வாங்குவதும் நரம்பை முதிர வைக்காது, தாய்மார்களே!

நம் முன்னோர் சொன்னது என்ன?

"இதெல்லாம் இங்கிலீஷ் வைத்தியம். சித்த வைத்தியர் எதற்கு இதைப் பேசுகிறார்?" என்று சிலர் நினைக்கலாம். சக வைத்தியர் ஒருவர் என் முகத்துக்கு நேரேயே கேட்டார்: "நீரு எதுக்குவே ஸ்கேன் எழுதுறீரு?"

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம், கண்ணீர் என்று உடம்பு தானாக வெளிப்படுத்தும் பதினான்கு உந்துதல்கள். அதில் சிறுநீரும் ஒன்று. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது முதல் வருஷ மாணவனுக்கே சொல்லித் தரும் பாடம். தச வாயுக்களில் கீழ்நோக்கித் தள்ளும் வேலை அபானனுக்கு என்பதும் அப்படித்தான். சிறுநீர் நோய்களை நீரைச் சுருக்குவன, நீரைப் பெருக்குவன என்று இரண்டாகப் பிரித்து வைத்தவர் யூகி முனிவர். நோயைக் கணிக்கும் எண்வகைத் தேர்வில் மூத்திரம் ஒரு தேர்வு.

பார்த்து, தொட்டு, சோதித்து, பிறகு மருந்து கொடு என்று சொன்ன மரபு இது. அன்றைக்குக் கையில் இருந்ததைக் கொண்டு சோதித்தார்கள். இன்றைக்கு, சிறுநீர் போன பிறகும் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஐந்து நிமிஷத்தில் ஸ்கேன் காட்டுகிறது. அதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு மரபாகத் தெரியவில்லை, சோம்பலாகத்தான் தெரிகிறது. நெருஞ்சில் மேல் குற்றம் இல்லை. தேவையான இடத்தில் அது நல்ல மருந்து. குற்றம், இடம் அறியாமல் கொடுத்த வைத்தியன் மேல்தான்.

கோளாறு எங்கே?

மடைக்காரரின் கோளாறு எந்த மட்டத்தில் என்பதைப் பொறுத்து நோயின் ரூபம் மாறும்.

மேலே, மூளையில்: பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு 'வருது' என்று தோன்றுவதற்குள் போய்விடும். உத்தரவு போடும் பெரியவர் படுத்துவிட்டார். சாவி தன்னிஷ்டத்துக்குத் திறக்கிறது. "வேணும்னே செய்றார்" என்று வீட்டில் கோபப்படுவார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, அம்மா!

நடுவில், தண்டுவடத்தில்: மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு, மேலேயிருந்து செய்தி கீழே வராது. முதலில் பை மரத்துப் போய்க் கிடக்கும். சில வாரங்கள் கழித்துத் தானாகச் சுருங்க ஆரம்பிக்கும். ஆனால் அதே நேரம் மடையும் இறுகும். சிறுநீரகத்துக்கு ஆபத்தானது இதுதான்.

கீழே, வால்பகுதியிலும் பைக்குப் போகும் நரம்பிலும்: இடுப்பு டிஸ்க் பிதுங்கி நரம்புக் கொத்தை நசுக்கினாலும், நாட்பட்ட சர்க்கரை நரம்பை அரித்தாலும் பை தொளதொளத்துவிடும். நிறையும், வழியும். அந்தப் பெரியவரின் கதை.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு விஷயம். "எனக்குக் காலையில போனா சாயங்காலம் வரைக்கும் வராது, அவ்வளவு கட்டு!" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரை உள்ளவர் இப்படிச் சொன்னால் எனக்குப் பயம்தான் வருகிறது. பெரும்பாலும் அது கட்டு அல்ல. உணர்வு குறைகிறது என்பதன் முதல் அடையாளம்.

ஆய்க்குடி சொல்லும் பாடம்

ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் அடிபட்டதால் சாகவில்லை. சிறுநீர் தேங்கி, கிருமி ஏறி, சிறுநீரகம் கெட்டுத்தான் செத்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்த நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர் 1972-இல் ஒரு எளிய வழியைச் சொன்னார். கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, சுத்தமான மெல்லிய குழாயை நோயாளியே நாளுக்குச் சில தடவை போட்டு, பையைக் காலி செய்துவிட்டு எடுத்துவிடலாம் என்றார். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை. தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்றார். முதலில் பலர் முகம் சுளித்தார்கள். இன்று உலகம் முழுக்க இதுதான் நடைமுறை.

நமக்குப் பக்கத்திலேயே, தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் 1975-இல் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. 2020-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவர் இத்தனை பத்தாண்டுகள் வாழ்ந்து, ஊருக்கே உபயோகமாக இருக்கிறார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சக்கர நாற்காலியிலேயே இருந்து வைத்தியம் பார்த்த டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துப் பாருங்கள். 1954-இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அவர் பெயரிலேயே மறுவாழ்வு நிலையம் அங்கே இருக்கிறது. நரம்பு போனால் எல்லாம் போச்சு என்று மூலையில் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடக்கச் சொல்லாதீர்கள்!

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். நரம்பு நல்ல நிலையில் இருக்கிறவர்களையும் நாம் கெடுக்கிறோம்.

என்னிடம் வருகிற பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளைக் கேட்டால் ஒரே கதை. "காலையில வீட்டுல போறது அங்கிள். பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான்." ஏன்? பாத்ரூம் சுத்தமில்லை, தாழ்ப்பாள் இல்லை, வகுப்பு நேரத்தில் கேட்டால் டீச்சர் விட மாட்டார்கள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள், நம் ஊர் வெயிலில்! மில்லில் நிற்கும் பெண்கள், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்கள், பஸ் டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் இதே நிலை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குக் கிராமத்திலிருந்து விடியற்காலையில் வரும் பெண்கள், வீடு திரும்பும் வரை தொண்டையை நனைக்காமலே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோ என்ற பயம்.

என்றோ ஒரு நாள் அடக்கினால் நரம்பு கெட்டுவிடாது, பயப்பட வேண்டாம். தினமும் அடக்குவதுதான் கெடுதல். தேங்கிய நீரில் கிருமி வளரும். எரிச்சல், காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எப்போதும் மடையை இறுக்கியே பழகிய பிள்ளைக்கு, போக உட்கார்ந்தபோதும் அதைத் தளர்த்தத் தெரியாமல் போகும். பாதி போய், பாதி உள்ளே நிற்கும். மலச்சிக்கலும் கூடவே வரும். நரம்பும் பழக்கத்தால் பாடம் படிக்கிறது. நாம் அதற்குத் தப்புப் பாடம் சொல்லித் தருகிறோம்.

எனவே என் கருத்தைக் கறாராகவே சொல்கிறேன். பிள்ளை பாத்ரூம் போகக் கேட்டால் 'பெல் அடிக்கட்டும்' என்று சொல்லும் உரிமை எந்த ஆசிரியருக்கும் கிடையாது. முதலாளிக்கும் கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி அரை மணி நேரம் கேட்கிற நீங்கள், பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்று அரை நிமிஷம் கேளுங்கள். போய் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல.

எப்போது உடனே ஓட வேண்டும்?

இவற்றுக்குக் கஷாயம், ஒத்தடம், எண்ணெய் எதுவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

• முட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் போகவில்லை. அடிவயிறு கல் போல இருக்கிறது.

• இடுப்பு வலியோடு, தொடையின் உள்பக்கமும் உட்காரும் இடமும் மரத்துப் போகிறது. சிறுநீர் நின்றுவிடுகிறது அல்லது தெரியாமல் போகிறது. இது நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி. மணிக்கணக்கில் ஆபத்து. இந்த நேரத்தில் முதுகைப் பிடித்துவிட, மிதித்துவிட யாரிடமும் போகாதீர்கள். என்னிடமும் வராதீர்கள்!

• சிறுநீரில் ரத்தம். குளிரோடு காய்ச்சலும் விலா வலியும்.

• விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு சிறுநீர் போகவில்லை.

ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பவர்கள், ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையால்கூடத் திடீரென்று சிறுநீர் அடைபடலாம். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

பெரியவர்கள் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்விடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் 'வந்தால் போகலாம்' என்று இருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துப் போங்கள். அவசரப்படாமல் உட்கார்ந்து போங்கள், முக்காதீர்கள். முடிந்த பிறகு ஒரு நிமிஷம் பொறுத்து இன்னொரு தடவை முயற்சி செய்யுங்கள். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறைந்த குடல் பையை அழுத்தும்.

இருமினால், தும்மினால் கசிகிறது என்று வெளியே சொல்லாமல் இருக்கும் தாய்மார்களே! அது பிரசவத்தில் தளர்ந்த அடித்தளத் தசையின் கோளாறாக இருக்கலாம். யோகத்தில் மூலபந்தம் என்று சொல்வது போல, கீழ்த்தசையை உள்ளிழுத்துச் சில விநாடி பிடித்து விடும் பயிற்சி நல்ல பலன் தரும். இதே போன்ற பயிற்சியைத்தான் 1948-இல் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள். சில வாரங்கள், மாதங்கள் பிடிக்கும்.

முதலில் சொன்ன பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருடைய மனைவி குழாய் போடக் கற்றுக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, சோப்புப் போட்டுக் கை கழுவி, வேளை தவறாமல் அதைச் செய்தார். பன்னிரண்டு வருஷம் அவர் நன்றாக இருந்தார். வேட்டி நனையவில்லை, பேரன் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் மேல் கோபப்படவும் இல்லை. மூட்டு வலிக்கு என்னிடம்தான் தைலம் வாங்கிப் போவார்.

அவர் வந்து போன நாளிலிருந்து, சிறுநீர்க் கோளாறு என்று யார் வந்தாலும் முதலில் நான் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். உங்கள் வைத்தியர் அப்படிச் செய்யவில்லை என்றால், "வயித்தைத் தொட்டுப் பாருங்கய்யா" என்று நீங்களே கேளுங்கள். அவர் சித்த வைத்தியரோ, இங்கிலீஷ் வைத்தியரோ... கேட்பதில் தப்பே இல்லை!